18 இடம் குறைந்த இரவு

டோக்கியோவில் ஒரு செய்தி நிறுவனத்தில் ஜப்பானியச் செய்திகளை ஆங்கிலமாக்குவது என் வேலை. ஜப்பான் நாடாளுமன்றக் கீழவைக்குத் தேர்தல் நடந்த 2024 அக்டோபர் 27 இரவு ஒரு தவறு செய்தேன். அச்சுக்குப் போகாமல் தப்பிய தவறுதான். ஆனாலும் இன்றுவரை மனதை விட்டுப் போகவில்லை.

அன்று காலை 7 மணிக்கே ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்துக்கு நிருபரோடு போயிருந்தேன். வாக்குப்பெட்டி காலியாக இருக்கிறதா என்று முதல் வாக்காளர்தான் பார்க்க வேண்டும். வரிசையின் முன்னால் நின்ற முதியவர் குனிந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார், தலையசைத்தார், அதன் பிறகே பூட்டினார்கள். ஜப்பானில் சின்னம் கிடையாது, பொத்தான் கிடையாது. வேட்பாளர் பெயரைப் பென்சிலால் கையால் எழுத வேண்டும். அந்த அமைதியில் பென்சில் உரசும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தத் தாள் ஒருவகைச் செயற்கைத் தாள். மடித்துப் போட்டாலும் பெட்டிக்குள் தானாக விரிந்துவிடும், எண்ணுபவர்களுக்கு வேலை மிச்சம்.

ஷிகெரு இஷிபா அக்டோபர் 1 அன்று பிரதமரானார், 9ஆம் தேதி கீழவையைக் கலைத்தார். போருக்குப் பிறகு எந்தப் பிரதமரும் இவ்வளவு சீக்கிரம் கலைத்ததில்லை. புதுப் பிரதமர் மீதான நல்லெண்ணம் ஆறுவதற்குள் தேர்தலை முடித்துவிடலாம் என்பது கணக்கு. ஆனால் நிதி திரட்டும் விருந்துகளில் வந்த பணத்தை அவருடைய லிபரல் டெமாக்ரடிக் கட்சியின் கோஷ்டிகள் கணக்கில் காட்டாமல் வைத்த விவகாரத்தை மக்கள் மறக்கவில்லை. போதாததற்கு, அதில் சிக்கிக் கட்சி ஆதரவை இழந்த வேட்பாளர்களின் கிளைகளுக்கும் தலைமை 2 கோடி யென் அனுப்பியது என்ற செய்தி வாக்குப்பதிவுக்கு 4 நாள் முன்னால் வெளிவந்தது. அதற்குப் பிறகு எந்தப் பிரசாரமும் எடுபட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

இரவு 8 மணிக்கு வாக்குப்பதிவு முடிந்தது. கட்சித் தலைமையகத்தில் வேட்பாளர் பெயர்ப் பலகையில் வென்றவர் பெயருக்கு மேல் சிவப்புக் காகித ரோஜா குத்துவது வழக்கம். திரையில் அந்தப் பலகையைக் காட்டும்போதெல்லாம் பூ இல்லாத பெயர்களே கண்ணில் பட்டன. கூட்டணிக் கட்சியான கொமேய்தோவின் தலைவரே தன் தொகுதியில் தோற்றார். பண விவகாரத்தில் சிக்கிப் போட்டியிட்ட 46 பேரில் 28 பேர் தோற்றார்கள். கடைசியில் இஷிபா கட்சியின் 191-உம் கொமேய்தோவின் 24-உம் சேர்த்து 215. பெரும்பான்மைக்கு 233 வேண்டும்.

எங்கள் அறையில் எல்லோர் வாயிலும் ஒரே சொல்தான்: 'கஹான்சூ வாரே'. பாதிக்கு மேல் இருந்தது உடைந்தது என்று பொருள். அவசரத்தில் நான் 'ஆளும் கூட்டணி ஆட்சியை இழந்தது' என்று தலைப்பை அடித்துவிட்டேன். ஆசிரியர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று படித்தார். குரலை உயர்த்தவில்லை.

"பெரும்பான்மைதான் போயிருக்கிறது. ஆட்சி போனதா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?"

முகம் சூடாகிவிட்டது. மாற்றி எழுதினேன்.

நவம்பர் 11 அன்று அவர் சொன்னதன் முழு அர்த்தமும் புரிந்தது. பிரதமர் தேர்வு 30 ஆண்டுகளுக்குப் பிறகு இரண்டாம் சுற்றுக்குப் போனது. இஷிபாவுக்கு 221, எதிர்க்கட்சித் தலைவர் நோடாவுக்கு 160. மீதி 84 செல்லாத வாக்குகள். சில கட்சிகள் இரண்டு பேரில் யாரையும் எழுதாமல் தங்கள் தலைவர் பெயரையே எழுதியிருந்தன. அந்த 84-தான் இஷிபாவைக் காப்பாற்றியது. என் தலைப்பு போயிருந்தால் அது அப்பட்டமான பொய்.

சரி, ஆட்சி போகவில்லை. ஆனால் ஆளும் விதம் மாறிப்போனது. பட்ஜெட் குழுவின் தலைவர் பதவியே எதிர்க்கட்சிக்குப் போனது. முன்பெல்லாம் பட்ஜெட் விவாதத்தை மொழிபெயர்க்கும்போது முடிவு எனக்கு முன்கூட்டியே தெரியும். 2025-இல் அப்படி இல்லை. பெரிய மருத்துவச் செலவில் நோயாளி கட்ட வேண்டிய உச்சவரம்பை உயர்த்த அரசு முடிவு செய்திருந்தது. நீண்ட நாள் சிகிச்சையில் இருக்கும் புற்றுநோயாளிகள் எதிர்த்துப் பேசினார்கள். சிகிச்சையையே விட வேண்டியிருக்கும் என்ற அவர்களுடைய அச்சத்தை மொழிபெயர்த்த நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மார்ச் மாதம் அரசு இறங்கி வந்தது. மேலவையில் திருத்தப்பட்ட பட்ஜெட் மறுபடி கீழவைக்கு வந்து மார்ச் 31 அன்று நிறைவேறியது. 233-க்கு மேல் கையில் இருந்திருந்தால் அவர்கள் குரலுக்கு இவ்வளவு காது கொடுத்திருப்பார்களா? எனக்கு நம்பிக்கையில்லை.

அந்தச் செய்தியை எழுதும்போது 'உயர்வு ரத்து' என்று போட ஆசையாகத்தான் இருந்தது. கை நின்றது. ஆசிரியரைக் கூப்பிட்டு ஜப்பானிய அறிவிப்பை வரிவரியாகப் பார்த்தோம். அதில் ரத்து என்ற சொல் எங்கேயும் இல்லை. 'தள்ளிவைப்பு' என்று எழுதி அனுப்பினேன்.