‘எழுத்து உடையுது’ என்றால் போதாது

சிங்கப்பூரில் பள்ளிப் பயிற்சித்தாள், கோயில் அறிவிப்பு என்று லிப்ரஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் தமிழ் தட்டுபவர்களுக்கு: "எழுத்து உடையுது" என்று மட்டும் எழுதினால் புகார் நகராது. அதன் பிழைப் புகார்த் தளமான பக்ஸில்லாவில் ‘உறுதியாகாதது’ என்றே கிடக்கும். இன்னொருவர் தன் கணினியில் அதே பிழையை வரவழைத்த பிறகுதான் ‘புதியது’ ஆகும்.

பதிப்பு எண், இயங்குதளம், எழுத்துரு, ஒரே வரியுள்ள மாதிரிக் கோப்பு வேண்டும். ஸ்கிரீன்ஷாட் போதாது. ‘கொ’வின் துணைக்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ‘ெ’, ‘ா’ என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். தேடலில் சொல் சிக்காமல் போக இதுவும் ஒரு காரணம். கோப்பைத் திறந்தால்தான் தெரியும். ஆனால் மாணவர் பெயருள்ள தாளை இணைக்காதீர்கள், எல்லோரும் பார்ப்பார்கள்.

முன்பு எந்தப் பதிப்பில் சரியாக இருந்தது என்பதையும் எழுதுங்கள். எந்த நிரல் மாற்றத்தில் பிழை புகுந்தது என்று தேடும் கிட் பைசெக்ட் கருவி ஒவ்வொரு முறையும் பாதியை ஒதுக்குவதால், 1000 மாற்றங்களில் கெடுத்ததைச் சுமார் 10 சோதனைகளில் பிடித்துவிடலாம்.