ஈரலில் இரண்டு

பிப்ரவரி 3
அக்காவுக்கு வாயுத் தொல்லை என்று ஸ்கேன் எடுக்கப் போனோம். ஈரலில் இரண்டு கட்டிகள். ஒன்று 6 சென்டிமீட்டர், பக்கத்திலேயே சுண்டைக்காய் அளவில் இன்னொன்று. வலியே இல்லையே என்றார் அம்மா. ஈரலுக்குள் வலி தெரியாதாம், மேலே இருக்கும் உறை இழுபட்டால்தான் தெரியுமாம்.

பிப்ரவரி 11
ஹெபடைட்டிஸ் பி இல்லை, சி இல்லை. ரங்கூனில் ஈரல் என்றாலே முதலில் கேட்பது அதைத்தான். ரத்தத்தில் ஏ.எஃப்.பி. (ஈரல் புற்றில் ஏறும் எண்) வெறும் 4. அம்மா காளி கோயிலில் தேங்காய் உடைக்கக் கிளம்பிவிட்டார். ஸயா (இங்கே டாக்டரையும் வாத்தியாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம்) தடுத்தார். புற்று இருந்தும் அந்த எண் ஏறாதவர்கள் உண்டாம்.

சி.டி.யில் சாயம் ஏற்றியதும் கட்டி வெளுத்தது. அப்புறம் மங்கியதா, இல்லையா? மங்கினால் புற்றுச் சந்தேகம். படம் பார்த்த இருவர் இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள். அக்கா பத்து வருடம் கருத்தடை மாத்திரை சாப்பிட்டவள், அதனால் அடினோமா என்ற புற்றல்லாத கட்டியாக இருக்கலாம். புற்றாகவும் இருக்கலாம்.

ஊசி விட்டுத் துளி சதை எடுத்துப் பார்க்கக் கூடாதா என்று கேட்டேன். ரத்தம் கசியும், புற்றாக இருந்தால் ஊசி போன வழியில் சிந்தும். ஒன்றுமில்லை என்று வந்தாலும் நம்ப முடியாது. அடினோமாவே ஆனாலும் 5 சென்டிமீட்டரைத் தாண்டினால் எடுப்பதுதான் வழக்கமாம்.

பிப்ரவரி 20
என்ன கட்டி என்று எல்லோரும் கேட்கிறார்கள். தெரியவில்லை என்றால் மறைக்கிறோம் என்று நினைக்கிறார்கள். பேசாமல் ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிவிடலாம் போலிருக்கிறது. அம்மா ஆட்டீரல் வாங்குவதை நிறுத்திவிட்டார். ரத்தம் கொடுக்க எதிர்வீட்டு பர்மாக்காரப் பையன்கள் மூன்று பேர் வந்தார்கள், நம் சொந்தத்தில் ஒருவர்தான் வந்தார்.

மார்ச் 2
ஆபரேஷன் ஐந்து மணி நேரம். ஈரலுக்கு ரத்தம் வரும் வழியை 15 நிமிடம் இறுக்குவது, 5 நிமிடம் விடுவது, மறுபடி இறுக்குவது. ஈரலின் எட்டுப் பகுதியில் இரண்டு போனது. மீதி ஈரல் நல்ல ஈரல், தானே வளர்ந்துகொள்ளும். தட்டில் வைத்துக் காட்டினார்கள். நான் பார்த்தேன், அம்மா பார்க்கவில்லை.

மார்ச் 14
வெட்டிய ஓரம் சுத்தம். ஆனால் அடினோமாவா, அதைப் போலவே இருக்கும் ஆரம்பப் புற்றா என்று நுண்ணோக்கியிலும் பிரிக்க முடியவில்லை. வேறு சாயங்கள் போட்டுப் பார்க்க வேண்டுமாம். எனக்குக் கோபம் வந்தது. அக்கா மொஹிங்கா (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) கேட்டாள்.

அதற்காகச் சதை பதித்த மெழுகுக் கட்டைகளைச் சென்னைக்குக் கொடுத்தனுப்புகிறோம். வியாழக்கிழமை விமானத்தில் தெரிந்தவர் ஒருவர் போகிறார். வெயிலில் மெழுகு உருகிவிடுமோ என்று அக்காவுக்குப் பயம். லுங்கியில் சுற்றி, கைப்பையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.