தாண்டிக்குடி: ஜீப்புக்குத் தண்டம், மண்ணுக்கு ஒரு கும்பிடு

தாண்டிக்குடி திண்டுக்கல் மாவட்டத்து மலையூர். அங்கே போக வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது யாராவது "தாண்டிக்குடி பஸ் இப்பத்தான் போச்சு, ஜீப்ல வாங்க" என்றால் காதில் வாங்காதீர்கள். டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நில்லுங்கள். நான் நிற்காமல் ஜீப்பில் ஏறினேன். "டீசல் விலை தெரியும்ல சார்" என்று ஆரம்பித்த டிரைவர், பாதி மலையில் "ரோடு மோசம்" என்று இன்னொரு ஐந்நூறு ஏற்றினார். ரோடு நன்றாகத்தான் இருந்தது. சாப்பாட்டுக்கு ஒதுக்கிய காசு அங்கேயே காலி.

தெரிந்தவர் மூலம் ஒரு காப்பித் தோட்டத்துக்குள் நுழைந்ததும் அந்த எரிச்சல் போன இடம் தெரியவில்லை. மேலே கல்யாண முருங்கையும் பலாவும், மரமேறும் மிளகு, கீழே காப்பி, இடையில் மலைவாழை. கால் வைத்தால் சருகு மெத்தென்று அமுங்குகிறது.

தோட்டக்கார ஐயா கல்யாண முருங்கைத் தூரில் விரலால் கிளறி மெல்லிய வேர் ஒன்றை இழுத்தார். மணிமணியாக முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. "செவப்பா இருந்தா வேலை பாக்குதுன்னு அர்த்தம் தம்பி." ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனை மரத்துக்குப் பிடித்துத் தரும் இடம் அது. காப்பிக்கு அதில் பெரும்பங்கு தழை வழியாகத்தான் வந்து சேரும். அதனால்தான் கிளையைக் கழித்துத் தூரிலேயே போட்டு மக்கவிடுகிறார். போத்து வெட்டி ஊன்றினாலே முருங்கை பிடித்துக்கொள்ளுமாம், கன்றுச் செலவு மிச்சம்.

பக்கத்துத் தோட்டம் முழுக்க சில்வர் ஓக். நேராக வளரும், மிளகு ஏற்றலாம், பிளைவுட்டுக்கு விலை போகும். சரிவில் மழை மண்ணை அரித்துப் போகாமலும் காக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு நைட்ரஜன் பிடிக்கும் வேலை தெரியாது, சருகும் லேசில் மக்காது. அதை மட்டும் நட்டுவிட்டு 'நிழல் காப்பி' என்று பாக்கெட்டில் அச்சடிப்பது எனக்கு ஏமாற்றுவேலையாகவே படுகிறது. ஐயாவிடம் சொன்னேன். சிரித்தார்.

"ஓக்க வித்தா பொண்ணு கல்யாணத்த முடிக்கலாம். முருங்கைய வெட்டுனா அடுப்புக்குக்கூட ஆகாது."

அவர் தோட்டத்து ஓரத்திலும் சில்வர் ஓக் வரிசையாக நிற்கிறது!

மதியம் கடைத்தெருவில் சாப்பாடு. பீன்ஸ் பொரியல், மிளகு தூக்கலான ரசம், கடைசியில் ஒரு மலைவாழைப்பழம். ரசத்துக்காகவே இன்னொரு தடவை சோறு வாங்கினேன். இந்த விலைக்கு ஊரில் ஒரு பிளேட் பூரிகூட வராது.

சாப்பிடும்போதும் ஐயா மண்ணை விடவில்லை. மரம் வைத்தால் உரமே வேண்டாம் என்று பேசுகிறவர்கள் மேல் அவருக்குக் கோபம். பறிக்கிற ஒவ்வொரு பழத்தோடும் சாம்பல் சத்து (பொட்டாசியம்) தோட்டத்தைவிட்டு வெளியே போகிறது. பழத்தோலை மக்கவைத்துத் திரும்பப் போட்டாலும் கொட்டையோடு போனது போனதுதான், அதற்குப் பொட்டாஷ் போட்டே ஆகவேண்டும். மண் புளிப்பேறினால் சுண்ணாம்பும். நிழலையும் அளவோடு கழிக்கணும் என்கிறார்: இருட்டிப்போனால் காய்ப்பு குறையும், ஒரேயடியாகத் திறந்துவிட்டால் அராபிகா வகைக் காப்பியில் தண்டு துளைப்பான் பூச்சி ஏறிவிடும்.

தங்குமிடம், பஸ் நேரமெல்லாம் இதில் எழுதவில்லை. அடுத்த பதிவில் பார்க்கலாம். காப்பிக்கொட்டை வாங்கக் கையில் காசில்லை, கால் கிலோ மிளகு மட்டும் வாங்கிக்கொண்டு பஸ்ஸிலேயே இறங்கினேன்.