நம்ம ஊர் போட்டோவ நம்ம வெப்சைட்லயே ப்ரிண்ட் போட்டு விக்கலாம்

கிருஷ்ணகிரி பக்கம் கேமரா வச்சிருக்கறவங்க நெறய பேர் இருக்கீங்க, கேஆர்பி டேம்ல ஷட்டர் தொறந்தா எடுக்கறீங்க, பொங்கலுக்கு எருது விடற விழாவுல எடுக்கறீங்க, மாங்கா சீசன்ல தோப்புத் தோப்பா போயி எடுக்கறீங்க, எல்லாமே இன்ஸ்டால போட்டதோட முடிஞ்சு போயிடுது. நம்ம ஆளுங்க எத்தன பேரு ஓசூர்லயும் பெங்களூர்லயும் வேல பாத்துட்டு புது வீடு கட்றாங்க, ஹால் சுவத்துல பாத்தா எந்த நாட்டு மலையோ தொங்குது, ராயக்கோட்டை மலைய ஏன் மாட்டல? விக்கறதுக்கு ஆள் இல்ல, அதான் காரணம்னு நான் உறுதியா நம்பறேன். அதனால சொந்தமா ஒரு கேலரி சைட் போடுங்க.

ஸ்மக்மக்னு போட்டோ கேலரி போட்டு விக்கற வெளிநாட்டு சைட் ஒண்ணு 2002-லருந்து இருக்கு, போட்டோ போடற ஃப்ளிக்கர் சைட்டயே 2018-ல வாங்குனவங்க. அதுல படம் ஏத்திட்டா ஆர்டர் நேரா ப்ரிண்ட் போடற லேபுக்குப் போயிடும், ப்ரிண்ட் ஆகி கஸ்டமர் வீட்டுக்குப் போயிடும், நம்ம கையே பட வேணாம். ஆனா அந்த லேப் எல்லாம் பெரும்பாலும் வெளிநாட்டுல இருக்கு, அங்கருந்து பர்கூருக்கு ஒரு ப்ரிண்ட் வரணும்னா அனுப்பற செலவே படத்த விட அதிகமாயிடும். நமக்கு சைட் கட்ட வேர்ட்பிரஸ், அதுல கடை போட வூகாமர்ஸ், யுபிஐல காசு எடுத்துக்கற ஒரு பேமெண்ட் கேட்வே, இது போதும். கூடவே வாட்ஸாப் பட்டன் கண்டிப்பா வைங்க, நம்ம பக்கம் கார்ட்ல போட்டு வாங்கறதுக்கு முன்னாடி "அண்ணா இது எந்த சைஸ்ல வரும்"னு கேட்டுட்டுதான் வாங்குவாங்க.

சைட்ல ஒரிஜினல் ஃபைல ஏத்தாதீங்க. நீளப் பக்கம் 1500 பிக்சல் இருந்தா போன்லயும் லேப்டாப்லயும் நல்லாவே தெரியும், எவனாவது டவுன்லோட் பண்ணி ப்ரிண்ட் போட்டாலும் 300 டிபிஐல, அதாவது இஞ்சுக்கு 300 புள்ளி கணக்குல, 5 இஞ்ச்தான் வரும். அதனால படத்து நடுவுல பெருசா வாட்டர்மார்க் அடிக்கற வேலையே வேணாம், பாக்கறவங்களுக்கு படமே தெரியாம போயிடுது.

சைஸ் விஷயத்துலதான் நெறய பேர் யோசிக்காம விட்டுடறாங்க. கேமரா படம் நீளத்துக்கு அகலம் 3க்கு 2 கணக்கு, அதுக்கு இஞ்ச்ல 8க்கு 12, 12க்கு 18, 20க்கு 30 எல்லாம் வெட்டாம உக்காரும். 8க்கு 10 வச்சா நீளத்துல 2 இஞ்ச் போச்சு, ஒகேனக்கல்ல பரிசல் ஓரமா வர்ற மாதிரி எடுத்திருந்தா பரிசலே போயிடும். போன் படம் 4க்கு 3, அதுக்கு 12க்கு 16, 18க்கு 24. 24 மெகாபிக்சல் கேமரான்னா 6000க்கு 4000 பிக்சல், 12க்கு 18 அடிக்க 300 டிபிஐக்கு 5400க்கு 3600 போதும், தாராளமா வரும். அதே ஃபைல் 200 டிபிஐல 20க்கு 30 வருது, அவ்ளோ பெரிய படத்த யாரும் மூக்க ஒட்டி வச்சுப் பாக்க மாட்டாங்க, தள்ளி நின்னுதான் பாப்பாங்க. ஒவ்வொரு படத்துக்கும் எது எது உக்காருமோ அந்த சைஸ் மட்டும் காட்டுங்க, எல்லாத்துக்கும் எல்லா சைஸும் வேணாம்.

நீங்க ப்ரிண்ட் போடற லேபுக்கு எஸ்ஆர்ஜிபிங்கற கலர் செட்டிங்ல சேவ் பண்ண ஜேபெக் ஃபைல்தான் குடுக்கணும், வாட்ஸாப்ல அனுப்பறதா இருந்தா டாக்குமெண்ட்டா அனுப்புங்க, போட்டோவா அனுப்புனா அது சுருக்கிடும். அப்புறம் "கலர் கரெக்ஷன் போடாதீங்க"ன்னு சொல்லியே ஆகணும். தளி பக்கம் காலைல பனில எடுத்த படத்த லேப் மிஷின் டல்லா இருக்குன்னு நெனச்சு காண்ட்ராஸ்ட் ஏத்திடும், பனியே காணாம போயிடும், அந்தப் படத்துல பனிதானே எல்லாம்! ஸ்க்ரீன்ல பாக்கறத விட பேப்பர்ல கொஞ்சம் இருட்டா வரும், அதனால சின்னதா ஒண்ணு ப்ரிண்ட் போட்டு பகல் வெளிச்சத்துல பாத்துட்டு அப்புறம்தான் சைட்ல விக்க வைக்கணும். ப்ரிண்ட் பாக்காத படத்த விக்கறது வாங்கறவங்களுக்கு செய்யற அநியாயம்னே சொல்லுவேன். ஜன்னலுக்கு எதிர் சுவர்னா மேட் பேப்பர் சொல்லுங்க, கிளாசி மின்னும்.

கல்யாணப் படம் விக்கற விஷயத்துல ஒண்ணு தெரிஞ்சுக்கணும். 1957 காப்பிரைட் சட்டப்படி, காசு குடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு வேற ஒப்பந்தம் இல்லன்னா எடுக்கச் சொன்னவங்கதான் முதல் உரிமையாளர். அதனால அத பாஸ்வேர்ட் போட்ட தனி கேலரியா குடும்பத்துக்கு மட்டும் குடுங்க, சொந்தக்காரங்க அதுலருந்தே ப்ரிண்ட் ஆர்டர் பண்ணிக்கலாம். பரிசல் ஓட்டறவர், மாடு புடிக்கற பையன், இவங்க முகம் தெளிவா தெரியற படத்த விக்கறதுக்கு முன்னாடி கேட்டுட்டு, அவங்களுக்கும் ஒரு ப்ரிண்ட் குடுங்க. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் எடுத்த யானைப் படத்து ஃபைல்ல எடத்தக் காட்டற ஜிபிஎஸ் விவரம் இருந்தா அழிச்சுடுங்க, எடத்தையும் எழுதாதீங்க, கூட்டமா வண்டி போயி நின்னா கஷ்டப்படறது யானையும் அந்தப் பக்கம் வெவசாயம் பண்றவங்களும்தான். மத்த படத்துக்கெல்லாம் ஊர் பேர தமிழ்ல எழுதுங்க, கேலரியையும் தேதி வாரியா இல்லாம ஊர் வாரியா பிரிங்க, நம்மாளு தேடறது அவன் ஊர் பேரத்தான்.

பேக்கிங்ல 12க்கு 18 வரைக்கும் ரெண்டு கெட்டி அட்டை நடுவுல வச்சு அனுப்பலாம், அதுக்கு மேல பட்டர் பேப்பர் போட்டு சுருட்டி பிவிசி பைப்ல. கண்ணாடி ஃப்ரேம கூரியர்ல அனுப்பாதீங்க, தர்மபுரி கிருஷ்ணகிரிக்குள்ளன்னா நீங்களே கொண்டு போய் குடுத்துடலாம். வெலையில லேப், பேக்கிங், கூரியர், கேட்வே கட்டணம், உங்க உழைப்பு எல்லாத்தையும் சேத்து ஒரே தொகையா போடுங்க, கடைசிப் பக்கத்துல கூரியர் தனியா ஏறுனா வாங்க வந்தவங்க அப்படியே மூடிட்டுப் போயிடறாங்க.