ஒரு பில், பல அயிட்டம்: ஃபாரின் கீ எந்தப் பக்கம்?

டேட்டாபேஸில் எந்தத் தகவலை எந்த டேபிளில் வைப்பது என்று பார்க்க மளிகைக் கடை பில்லை எடுத்துக்கொள்வோம். ஒரு பில்லில் அரிசி, எண்ணெய், சர்க்கரை என்று பல வரிகள் இருக்கும். ஆனால் ஒரு வரி ஒரே ஒரு பில்லுக்குத்தான் சொந்தம். அந்தச் சொந்தத்தை எழுதிவைக்க வேண்டிய இடம் 'பல' பக்கம். அயிட்டம் டேபிளில் பில் எண்ணுக்கு ஒரு ஃபீல்டு. அதுதான் ஃபாரின் கீ, அதாவது இன்னொரு டேபிளின் வரியைச் சுட்டும் ஃபீல்டு. பில் டேபிளில் அயிட்டங்களைப் பற்றி எதுவும் இருக்காது.

இதைத் தலைகீழாகச் செய்தால் என்ன ஆகும்? பில் டேபிளிலேயே அயிட்டம்1 முதல் அயிட்டம்10 வரை ஃபீல்டு வைத்தால், 11-வது பொருள் வாங்கும் ஆள் வந்ததும் மாட்டிக்கொள்வீர்கள். அயிட்டம் எண்களை '45,112,120' என்று கமா போட்டு ஒரே ஃபீல்டில் அடைத்தால், லைக் (துணுக்கை வைத்துத் தேடும் கட்டளை) போட்டு 12-ஐத் தேடும்போது 112, 120 இரண்டும் வந்து நிற்கும். அதற்கு ஃபாரின் கீயும் போட முடியாது.

பில் எண் ஃபீல்டுக்கு 'நாட் நல்' கட்டாயம் (நல் என்றால் மதிப்பே இல்லாத காலி இடம், அது கூடாது என்ற விதி). ஃபாரின் கீ மட்டும் இருந்தால் நல் மதிப்பு தாராளமாக உள்ளே வரும், பில்லே இல்லாத அநாதை அயிட்டங்கள் சேரும்.

விலையையும் ஜிஎஸ்டி விகிதத்தையும் பொருள் டேபிளிலிருந்து அயிட்டம் வரியில் நகலெடுத்து வையுங்கள். 'நார்மலைசேஷன் (ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைக்காத ஒழுங்கு) கெடுகிறதே' என்பார்கள், கெடவில்லை. 2025 செப்டம்பர் 22 அன்று குளியல் சோப்புக்கான ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதமானது. பொருள் டேபிளைப் பார்த்து ஜிஎஸ்டி போடும் மென்பொருளில் ஆகஸ்ட் பில்லை மறுபடி அச்சடித்தால் 5 சதவீதம் வரும். விற்ற அன்றைய விலை அந்த அயிட்டம் வரியின் சொந்தத் தகவல்.

இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) விஷயத்தில் டேட்டாபேஸ் மென்பொருளுக்கு மென்பொருள் வித்தியாசம். மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு இன்ஜினான இன்னோடிபி, ஃபாரின் கீக்குத் தானே இண்டெக்ஸ் போட்டுவிடும். போஸ்ட்கிரெஸ் போடாது. அங்கே ஒரு பில்லை நீக்கினால், அதைச் சுட்டும் அயிட்டம் உண்டா என்று பார்க்க முழு டேபிளையும் மேய வேண்டியிருக்கும். எஸ்க்யூலைட்டில் வேறு வம்பு: ஃபாரின் கீ சோதனை இயல்பாக அணைந்தே இருக்கும், ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் பிராக்மா என்ற அமைப்புக் கட்டளை போட்டு ஆன் செய்ய வேண்டும்.

பில்லை நீக்கினால் அயிட்டங்களும் சேர்ந்து போக, கேஸ்கேட் என்ற விதியை வைக்கலாம். வாடிக்கையாளருக்கும் பில்லுக்கும் இடையில் அதை வைக்காதீர்கள், பில் இருக்கும்வரை பெயரை நீக்கவிடாத ரெஸ்ட்ரிக்ட் போதும். ஒரு பெயரை நீக்கப்போய் வருடக் கணக்கே காணாமல் போகும்.

எல்லாம் சரியாக இருந்தும் கணக்கு உதைப்பது பெரும்பாலும் டேபிள்களை இணைக்கும் ஜாயினில்தான். ஒரு பில்: அரிசி 1,000, சர்க்கரை 300, எண்ணெய் 200, மொத்தம் 1,500 ரூபாய். வாடிக்கையாளர் 750, 750 என்று இரண்டு தவணையில் கொடுத்தார். பில், அயிட்டம், பணவரவு மூன்றையும் ஒரே குவெரியில் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியில்) ஜாயின் செய்தால் 3 × 2 = 6 வரி கிடைக்கும். அயிட்டம் கூட்டுத்தொகை 3,000 ஆகும், வரவு 4,500 ஆகும். அயிட்டமும் வரவும் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. ஒவ்வொரு அயிட்டமும் ஒவ்வொரு வரவோடும் ஜோடி சேர்ந்துவிடுகிறது.

இதற்கு, ஒரே மதிப்பு திரும்ப வந்தால் ஒருமுறை மட்டும் கூட்டும் 'சம் டிஸ்டிங்க்ட்' போட்டு ஒட்டுப்போடுபவர்கள் உண்டு. அயிட்டம் பக்கம் தற்செயலாக 1,500 என்று சரியாக வரும், அதனால் நம்பிவிடுவார்கள். வரவுப் பக்கம் இரண்டு 750-ம் ஒன்றாகி 750 மட்டும் நிற்கும், வாடிக்கையாளர் தலையில் பாதிப் பாக்கி விழும். சரியான வழி, அயிட்டத்தைப் பில் எண்வாரியாக ஒரு சப்குவெரியில் (குவெரிக்குள் இருக்கும் குவெரியில்) கூட்டி, வரவை இன்னொன்றில் கூட்டி, இரண்டையும் பில் டேபிளோடு, ஜோடி இல்லாத பில்லையும் விடாத லெஃப்ட் ஜாயின் செய்வது. பணமே கட்டாத பில்லுக்கு வரவு நல் என்று வரும். நல்லுக்குப் பதில் வேறு மதிப்பு தரும் கோயலெஸ் போட்டு அதை 0 ஆக்காவிட்டால் பாக்கியும் நல் ஆகி, பாக்கிப் பட்டியலிலிருந்தே அந்தப் பில் நழுவிவிடும்.