கொழுந்து வரும் நேரமும் ரீபில்ட் வேகமும்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். லினக்ஸ், 4 டெராபைட் டிஸ்க் நான்கு, சாஃப்ட்வேர் ரெய்டு 5. அதாவது கணக்கு நான்கு டிஸ்க்கிலும் பிரிந்து கிடக்கும்; ஒன்று போனாலும் மற்ற மூன்றை வைத்து வேலை ஓடும். நவம்பர் மழையில் ஒருநாள் விடியும்போது சர்வரிலிருந்து மெயில் வந்திருந்தது: ஒரு டிஸ்க் போய்விட்டது.

புது டிஸ்க்கை மாட்டும் முன் கொழுந்துக் கணக்கை வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்தேன். ரீபில்ட் என்றால் போன டிஸ்க்கில் இருந்ததைப் புது டிஸ்க்கில் திரும்ப உருவாக்குவது. அதற்கு மிச்சமுள்ள மூன்று டிஸ்க்கையும் முழுக்கப் படித்தாக வேண்டும். எங்கோ ஒளிந்திருக்கும் கெட்ட செக்டர் அப்போதுதான் வெளியே வரும். அந்த நேரத்தில் இன்னொரு டிஸ்க்கும் போனால் எல்லாமே போச்சு.

பத்து மணிக்கு ரீபில்ட் ஆரம்பித்தது. ரீபில்ட் நிலவரம் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பைப் பார்த்தால் வேகம் விநாடிக்கு 1000 கிலோபைட்டை ஒட்டியே நின்றது. லினக்ஸ் இதில் இரண்டு எல்லைகள் வைத்திருக்கிறது. டிஸ்க்குக்கு வேறு வேலை இல்லாவிட்டால் மேல் எல்லையான 200000 வரை ஓடலாம். வேறு வேலை வந்தால் ரீபில்ட் ஒதுங்கி, கீழ் எல்லைக்கு இறங்கிவிடும். அந்தக் கீழ் எல்லைதான் 1000. அதே வேகத்தில் போனால் 4 டெராபைட்டுக்கு 45 நாள் ஆகும். அத்தனை நாள் பாதுகாப்பில்லாமல் ஓட்ட எனக்கு மனசு வரவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கீழ் எல்லையை 50000 ஆக்கினேன். அது நான் அவசரப்பட்டுச் செய்தது. கொழுந்து மூட்டைகள் வந்து இறங்குகிற நேரம். எடை மேடையில் இருக்கும் அக்கா உள்ளே வந்து, “தம்பி, ஒரு சீட்டு போட ரெண்டு நிமிஷம் ஆகுது. வெளியே எல்லாரும் மழையில நிக்கிறாங்க” என்றார். எட்டிப் பார்த்தேன். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு விவசாயிகள் வரிசையாக நின்றார்கள். காலையில் பறித்த கொழுந்து மூட்டைக்குள்ளேயே கிடந்தால் சூடேறிக் கெட்டுவிடும். ஒரு மணிக்கு 10000-க்குக் குறைத்தேன். சீட்டு பழையபடி ஓடியது.

கடைசி மூட்டை எடை போட்டு முடியும்போது மணி ஏழு. ரீபில்ட் பத்து சதவீதம்தான் ஆகியிருந்தது. “இனி காலை வரைக்கும் யாரும் கணக்கைத் திறக்க வேண்டாம், அக்கா” என்று சொல்லிவிட்டுக் கீழ் எல்லையை 100000 ஆக்கினேன். ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா என்று வாட்ச்மேன் அண்ணனிடம் ஒரு தடவை கேட்டுக்கொண்டேன். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் கரண்ட்டை நம்ப முடியாது.

அப்புறம் அங்கேயே நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். விடியற்காலை ஐந்தரைக்குப் பார்த்தபோது எம்டிஸ்டாட்டில் நான்கு யூ-வும் வரிசையாக நின்றன; நான்கு டிஸ்க்கும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். கீழ் எல்லையை 10000-க்கு இறக்கி, ரீபூட் ஆனாலும் அப்படியே இருக்கும்படி லினக்ஸின் சிஸ்கன்ட்ரோல் (sysctl) அமைப்புக் கோப்பிலும் எழுதி வைத்தேன். எட்டு மணிக்கு முதல் வண்டி கொழுந்தோடு வந்தது.