தொட்டுப் பார்க்கும் படப்புத்தகம்: பேருந்துப் பக்கம் முடிந்தது

தையலும் அட்டை வேலையும் தெரிந்தவர்கள் பார்வையற்ற குழந்தைகளுக்குச் செய்து தர ஏற்றது தொட்டுப் பார்க்கும் படப்புத்தகம். இம்முறை பேருந்துப் பக்கத்துக்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

பக்கவாட்டு உருவத்தை வெட்டி, கீழே இரண்டு வட்டம் ஒட்டினால் நம் கண்ணுக்கு அது பேருந்து. விரலுக்கு வெறும் பெட்டியும் இரண்டு பொத்தானும்தான். குழந்தைக்குத் தெரிந்த பேருந்து என்பது ஏறும் படி, பிடிக்கும் கம்பி, உட்காரும் சீட். ஆகவே அட்டையை அடுக்கி மூன்று படி, 8 மி.மீ. தடிமனில் ஒரு மரக்குச்சி; உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த ரெக்சின் துண்டு. குழந்தைகள் கம்பியைப் பிடித்து இழுப்பார்கள், இழுக்கவும் வேண்டும். பசை தாங்காது. குச்சியின் இரு முனையிலும் துளையிட்டு, தடித்த நூலால் அட்டையோடு சேர்த்துக் கட்டினால் நிற்கும். பின்னால் விரல் நுழைய இடம் விடுங்கள்.

பக்கத்துக்கு ஒரு பொருள் போதும். துண்டுகளுக்கு நடுவே குறைந்தது 3 மி.மீ. இடைவெளி வேண்டும், நெருங்கினால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். பூனை ஒரு பக்கத்தில் வெல்வெட், அடுத்ததில் கம்பளி என்று மாறினால், அது வேறு பூனை. சூட்டுப் பசை வேண்டாம்: அது இழுத்து விடும் மெல்லிய இழை காய்ந்ததும் குத்தும், படத்தின் கோடு போலவும் ஏமாற்றும். ஸ்பைரல் பைண்டிங் நல்லது. புத்தகம் தட்டையாக விரிந்து கிடந்தால்தான் இரண்டு கையும் படிக்க வரும்.

பிரெய்லுக்கு, அதாவது விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்துக்கு, 140 முதல் 160 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) தாள். மெல்லிய தாள் கிழிந்துவிடும். ஸ்லேட்டில் (புள்ளி குத்த உதவும் கட்டங்கள் கொண்ட சட்டம்) வலமிருந்து இடமாக, கண்ணாடி பிம்பமாகக் குத்த வேண்டும். தமிழ் பிரெய்லில் உயிர்க்குறி எப்போதும் மெய்க்குப் பின்னால்தான். 'கொ' என்றால் முதலில் க, பிறகு ஒ. கொம்பை முன்னால் போடும் எழுத்துப் பழக்கம் இங்கே தவறாகக் கொண்டு விடும். குத்திய தாளின் ஓரத்தில் மட்டும் பசை தடவுங்கள். அடியில் முழுக்கத் தடவினால் ஈரத்தில் தாள் இளகிப் புள்ளிகள் அமுங்கிவிடும். தையல் மெஷினின் பாதமும் அவற்றை நசுக்கும், அதனால் துணி வேலை முழுவதும் முடிந்த பிறகே பிரெய்ல்.

மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு மணி, பொத்தான் எதையும் வைக்காதீர்கள், எவ்வளவு இறுக்கித் தைத்தாலும் சரி.

கண்ணை மூடிக்கொண்டு நாமே தடவிச் சோதிப்பது போதாது. படம் என்னவென்று நமக்கு முன்பே தெரியும். பிரெய்ல் படிக்கும் ஒருவரிடம் பக்கத்தின் பெயரைச் சொல்லாமல் கொடுங்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டியிருக்கும்.